பலகைத் தரை

மாதா துணை

பாரிஸ், செயின்ட் அந்துவான் புறநகர்
20 ஜனவரி 1842

அன்புத் தங்கை டெல்ஃபினுக்கு, அக்கா உர்சூல் எழுதுவது. நானும் உன் அத்தான் பிளேஸும் நலம். அவருக்குத் தோள் வலி மட்டும் இருக்கிறது. மாடி மாடியாகத் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்குத் தோள் வலிக்காமல் மூக்கா வலிக்கும்? நீயும் உன் வீட்டுக்காரர் ஜெரோவும் சுகந்தானே? மாடுகள் குளிரைத் தாங்குகின்றனவா?

உன் மகள் நொயெலி பத்திரமாக வந்து சேர்ந்தாள். கூட்டி வந்த நம் மலைக்காரர்கள், "வழி பூரா வண்டி ஜன்னல்லயே ஒட்டிக்கிட்டு வந்தா. அழல, சிரிக்கல" என்றார்கள். அன்றைக்கே வெந்நீர் போட்டுத் தலைக்கு ஊற்றி, முதுகு தேய்த்துக் குளிப்பாட்டினேன். அதைப் பற்றி இப்போது வேறொன்றும் எழுதவில்லை. முட்டைக்கோஸ் சூப்பும் கறுப்பு ரொட்டியும் நீ கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டியும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஒன்பது வயசுக்கு உடம்பு போதாது, ஆனால் கண் இருக்கிறதே, அப்பா! அடுப்பங்கரையில் நான் எதை எங்கே வைக்கிறேன் என்று ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். இவளையா மந்தம் என்கிறார்கள்?

மறுநாளே டாக்டர் லாசேரிடம் கூட்டிப் போனேன். தச்சுப்பட்டறைக்கு மேல்மாடியில் வைத்திருக்கிறார் பள்ளியை. பேசாத பிள்ளை, புத்தி வளராத பிள்ளை, ஊரே கைவிட்ட பிள்ளை எல்லாம் அங்கேதான். நம் மலைக்குத் தெற்கே அவெரோன் காட்டில் ஒரு பையன் பிடிபட்டான் என்று அப்பா கதை சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பையனை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவர் இதார் என்ற வைத்தியர். நம் டாக்டர் அவருடைய சீடர். அந்தப் பையன் கடைசிவரை பேசவே இல்லையாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அப்போ உங்க குரு தோத்துட்டாருங்களே?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஆமாம்மா, தோத்தாரு. எது பலிச்சுது, எது பலிக்கலன்னு ரெண்டையும் அச்சுப் போட்டு வெச்சுட்டுப் போனாரு. அதைப் படிச்சுத்தான் நாங்கல்லாம் இந்த வேலைக்கே வந்தோம்" என்றார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "இவளுக்குக் காது கேட்குமா?" நீ எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன்: நன்றாகக் கேட்கும், ஆனால் சொன்னதைச் செய்யமாட்டாள், பேசமாட்டாள். அதைப் படித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

உன் மாமனார் அஸ்தோர்க் வைத்த கெடுவை நான் மறக்கவில்லை. அக்டோபரில் மாடுகள் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்குவதற்குள் இவள் சொன்னதைக் கேட்கும் பிள்ளையாக மாறவேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பட்டணத்துப் பைத்தியக்கார விடுதி. நான் இருக்கிறவரை அது நடக்காது. தைரியமாக இரு.

உன் அக்கா,
உர்சூல்

*

மாதா துணை

சாலேர் மலை
16 பிப்ரவரி 1842

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, டெல்ஃபின் எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்தது. அத்தானின் தோளுக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தடவச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பனி வாசல்வரை ஏறிவிட்டது.

குளிப்பாட்டினாய் என்று எழுதியிருந்தாய். நல்லது.

மாமனார் விடுதிக்கான காகிதத்தை எழுதி வாங்கி, பங்குச் சாமியாரிடமே கொடுத்து வைத்துவிட்டார். கொழுந்தனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். நல்ல இடம், நிறைய மாடு. "புத்தியில்லாதது ஒண்ணு வீட்டுல உக்காந்திருந்தா எவன் பொண்ணு கொடுப்பான்?" என்று சாப்பாட்டு வேளையில் சொல்கிறார். ஜெரோ தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்.

அவள் முரண்டு பிடித்தால் ரொம்பச் செல்லம் கொடுக்காதே அக்கா. ஆனாலும் அவள் சின்னப்பிள்ளைதான். ராத்திரி போர்வையைத் தள்ளிவிடுவாள், பார்த்துக்கொள்.

உன் தங்கை,
டெல்ஃபின்

*

மாதா துணை

பாரிஸ்
28 மார்ச் 1842

அன்புத் தங்கைக்கு உர்சூல் எழுதுவது. சுகம், சுகம் அறிய ஆவல். ஆட்டுக் கொழுப்பு தடவியதில் அத்தானின் தோள் தேவலை. நாற்றந்தான் தாங்கவில்லை. மூன்றாம் மாடிச் சீமாட்டி, "உன் புருஷன் தண்ணி கொண்டு வர்றானா, ஆட்டை ஓட்டிட்டு வர்றானா?" என்கிறாள். "ரெண்டும் ஒரே கூலிதாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் மகள் சங்கதி. டாக்டர் முதலில் சாவி, சீப்பு, கத்தரிக்கோல் என்று சாமான்களைப் பலகையில் வைத்து அதனதன் வடிவத்தை வரைந்தார். பிறகு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, "வை" என்று ஜாடை காட்டினார். மற்ற பிள்ளைகளுக்குப் பல வாரம் பிடித்த வேலையை இவள் அன்றைக்கே முடித்துவிட்டு, கத்தரிக்கோல் கோணலாக வரையப்பட்டிருக்கிறது என்று டாக்டருக்கே விரலால் காட்டினாள்! இப்போது தகரத்தில் வெட்டிய எழுத்துகளை அடுக்கி 'ரொட்டி' என்று சேர்க்கிறாள்.

ஆனால் ஒன்று புரியாமல் டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்கிறார். குரு செய்ததுபோலவே இவள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, பின்னால் நின்று பெரிய முரசை அடிக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் விரலைத் தூக்குகிறாள். தப்பே இல்லை. அதே இடத்தில் மணியை ஆட்டினால் மரம் மாதிரி நிற்கிறாள். வீட்டிலும் அப்படித்தான். அடுப்படியிலிருந்து, "நொயெலி! ஏண்டி நொயெலி!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். கழுத்தைக்கூடத் திருப்புவதில்லை. எனக்கே கோபம் வந்து, "கல்லு மாதா மாதிரி உக்காந்திருக்கா பாரு!" என்று திட்டிவிட்டேன்.

இன்னொன்று. அத்தான் வாளி மாட்டும் காவடிக் கழியைக் கையில் தூக்கினாலே இவள் மூலைக்கு ஓடி, கையால் தலையை மறைத்துக்கொள்கிறாள். அத்தான் பாவம், இப்போதெல்லாம் கழியை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு வருகிறார்.

டாக்டர் உன்னிடம் கேட்கச் சொன்னது: வீட்டில் இவளை எப்படிக் கூப்பிடுவீர்கள்? எதற்குத் திரும்புவாள், எதற்குத் திரும்பமாட்டாள்? உள்ளது உள்ளபடி எழுது.

உன் அக்கா,
உர்சூல்

*

மாதா துணை

சாலேர் மலை
22 ஏப்ரல் 1842

அன்புள்ள அக்காவுக்கு டெல்ஃபின் வணக்கம். எல்லோரும் நலம். பனி உருகி ஓடை நிறையப் போகிறது. அடுத்த மாதம் மாடுகளை மேலே ஓட்டிக்கொண்டு மாமனாரும் ஜெரோவும் போய்விடுவார்கள். இனி அக்டோபர் வரை மலைக்குடிலில் பாலாடைக்கட்டி வேலைதான்.

'ரொட்டி' என்று சேர்த்தாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

டாக்டர் கேட்டதற்குப் பதில். இதில் சொல்ல என்ன இருக்கிறது? ஊரில் எல்லோரும் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படித்தான். நம் வீடுகள் உனக்குத் தெரியாதா? கீழே மாட்டுக்கொட்டில், மேலே பலகை போட்ட கூடம். மேலே இருக்கிறவர்கள் தரையைத் தட்டினால் கீழே இருக்கிறவர்கள் ஏறி வருவோம். மாமனார் கணப்படுப்புப் பக்கம் உட்கார்ந்தபடி தடியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். கூடத்து மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவள் துள்ளி எழுந்து ஓடி வந்து நிற்பாள். மற்ற பிள்ளைகளைவிட இவளே முதலில் வருவாள் என்பதுதான் வேடிக்கை! நான் மரச்செருப்புக் காலால் மிதித்தாலும் வருவாள். களத்திலோ ஓடைப்பக்கமோ போய்விட்டால்தான் பிடிவாதம். எவ்வளவு கத்தினாலும் திரும்பமாட்டாள். அதனால்தான் மாமனார் சொல்கிறார்: "வீட்டுக்குள்ள கேக்குது, வெளியே போனா திமிர் வந்துடுது."

டாக்டர் மணியை விட்டுவிட்டு ஒரு தடி வாங்கித் தரையைத் தட்டிப் பார்க்கட்டும். உடனே வருவாள். அவளுக்கு நல்ல காது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

உன் தங்கை,
டெல்ஃபின்

*

மாதா துணை

பாரிஸ்
9 மே 1842

தங்கை டெல்ஃபினுக்கு உர்சூல் எழுதுவது. நாங்கள் சுகம். நீ இதை உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதத்தை டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். 'தரையைத் தட்டினால்' என்ற இடத்தில் கையை உயர்த்தி, "நிறுத்துங்க, அதை மறுபடி படிங்க" என்றார். படித்தேன். 'களத்திலோ ஓடைப்பக்கமோ' என்ற இடம் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முரசைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, நொயெலியின் கையைப் பிடித்து, படியிறங்கி, கல் பாவிய முற்றத்துக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். தச்சர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கண்ணைக் கட்டினார். பின்னால் நின்று முரசை அடித்தார். விரல் எழும்பவில்லை. பலமாக அடித்தார். தெருவில் போன குதிரை மிரண்டது, மாடி ஜன்னல்கள் திறந்தன, எவனோ ஒருவன், "கலகம் வந்துடுச்சா?" என்று கத்தினான். உன் மகள் இன்னும் எப்போது ஆரம்பிப்பார்கள் என்பதுபோல நிம்மதியாக நின்றுகொண்டிருந்தாள்.

திரும்ப மாடிக்கு. பலகைத் தரையில் முரசை வைத்து அடித்தார். விரல் எழும்பியது. பிறகு அவளைத் தூக்கி, வைக்கோல் மெத்தைமேல் நிற்கவைத்து அடித்தார். விரல் இல்லை.

டெல்ஃபின், அவளுக்குக் காது கேட்கவே கேட்காது. உள்ளங்காலால் கேட்டிருக்கிறாள். பிறந்ததிலிருந்தோ, பால்குடி மறந்த வருஷம் வந்த காய்ச்சலிலிருந்தோ, அது யாருக்குத் தெரியும்? புத்திக்கு ஒரு குறையும் இல்லை. கேட்காத பேச்சை யார் பேசுவார்கள்?

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "முதல் நாளே சீட்டைப் படிச்சுட்டு நம்பிட்டேன். இத்தனை மாசமா மச்சுமேலயே நின்னுக்கிட்டு முரசு அடிச்சிருக்கேன். என்னைத்தான் இந்தப் பிள்ளைங்க வகுப்புல உக்கார வைக்கணும்" என்றார். "காதைத் திறக்க மருந்து இருக்கா?" என்று கேட்டேன். "இல்லம்மா. எங்க குரு எத்தனையோ பிள்ளைங்க காதுல சுட்டுப் பார்த்தாரு, குத்திப் பார்த்தாரு, மருந்து பீச்சிப் பார்த்தாரு. நானும் பார்த்தேன். வலிதான் மிச்சம். இவ காதைத் தொட வேண்டாம். கண்ணும் கையும் திறந்திருக்கே, அது போதும்" என்றார். கையால் பேசும் பேச்சைக் கற்றுத்தர ஓதில் என்ற பெண்ணிடம் ஒப்படைத்திருக்கிறார். ஓதிலுக்கும் காது கேட்காது. இருவரும் பார்த்த முதல் நாளே பழைய சிநேகிதிகள்போல ஆகிவிட்டார்கள்.

இனி நான் ஜனவரியில் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். குளிப்பாட்டியபோது அவள் முதுகைப் பார்த்தேன். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை தடித்தடியாகத் தழும்புகள். பழசும் புதுசும். நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மந்தப் பிள்ளை, முரட்டுப் பிள்ளை, அடிபட்டிருக்கும் என்று நானும் எண்ணிவிட்டேன். இப்போது எண்ண முடியவில்லை. கூப்பிட்டது கேட்காத பிள்ளையைத் திரும்பவில்லை என்று அடித்திருக்கிறார் உன் மாமனார், டெல்ஃபின். ஓடைப்பக்கம் அவள் பாட்டுக்கு நிற்கும்போது பின்னாலிருந்து வந்து விழுந்திருக்கிறது அடி. எதற்கு என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

பதில் எழுது.

உர்சூல்

*

மாதா துணை

பாரிஸ்
11 ஜூலை 1842

அன்புத் தங்கைக்கு, உர்சூல். நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா? கோபித்துக்கொள். ஆனால் எழுது.

நொயெலி என்னையும் படிக்கவைக்கிறாள். ரொட்டிக்கு ஒரு கை, தண்ணீருக்கு ஒரு கை. அத்தானுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். இரண்டு தோளையும் தூக்கி, முகத்தைச் சுளித்துக் காட்டினால் அதுதான் அவர். எனக்கு என்ன பெயர் தெரியுமா? வாயைத் திறந்து திறந்து மூடுவது! ஓதிலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நேற்று அவள் தன் கையால் 'அம்மா' என்று எழுதினாள். இதோடு வைத்திருக்கிறேன். கோணல்மாணலாக இருக்கும், ஆனால் அது நான் கைபிடித்து எழுதியதல்ல.

உன் அக்கா

*

மாதா துணை

சாலேர் மலை
19 ஆகஸ்ட் 1842

அன்புள்ள அக்காவுக்கு டெல்ஃபின் எழுதிக்கொண்டது. நான் சுகந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை.

'அம்மா' கிடைத்தது. மாவுப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். ரொட்டி பிசைகிறபோதெல்லாம் பார்க்கலாம்.

கோபம் இல்லை அக்கா. உன் மே மாதக் கடிதத்தைப் படித்ததிலிருந்து கூடத்தில் நடக்கவே ஒரு மாதிரியாக இருந்தது. மரச்செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பலகைமேல் நின்று, என் சின்ன மகளை விட்டு மூலையில் தட்டச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றேன். காலில் வந்தது. ரொம்ப நன்றாக வந்தது. அதற்கப்புறம் எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை.

ஜூன் மாத அருளப்பர் திருநாளுக்கு மாமனார் மலைக்குடிலிலிருந்து இறங்கி வந்தார். சொன்னேன். முதலில் சிரித்தார். "நான் தடியைத் தட்டினா ஓடி வர்றாளே, அது என்ன மூக்காலயா கேட்டு வர்றா?" என்றார். காலால் என்று சொன்னேன். அப்போது முகம் மாறிவிட்டது. "பாரிஸ்காரன் என்ன வேணா சொல்லுவான். அந்தப் பிள்ளைக்குக் காது கேக்கும். கேக்கும்னா கேக்கும்!" என்று தடியால் தரையில் ஓங்கி அடித்தார். கீழே மாடுகள் எழுந்துவிட்டன. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. அவள் செவிடு என்று ஒப்புக்கொண்டால் அவர் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பயப்படுகிறார். அவருக்கு மட்டுமா அந்தப் பயம்? ஓடைப்பக்கம் நானும் கை ஓங்கியிருக்கிறேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுதவில்லை.

மாடுகள் இறங்கும் நாளில் அவளைக் கொண்டுவரச் சொல்கிறார். பங்குச் சாமியார், பெண் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் தானே சோதிப்பாராம். தட்டினால் வந்தாளென்றால் காது கேட்கிறது, ஆகவே புத்தி இல்லை, ஆகவே மறுநாளே விடுதி. அத்தானோடு அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

டெல்ஃபின்

*

மாதா துணை

பாரிஸ்
26 செப்டம்பர் 1842

என் தங்கைக்கு, உர்சூல். சுகம். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நீ எழுதியிருக்கிறாயே, அந்த வரியை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "டெல்ஃபினா எழுதிச்சு? கையெழுத்து சரியா பாரு" என்கிறார்.

அத்தானும் நொயெலியும் நாளை கிளம்புகிறார்கள். இங்கே வாடிக்கைக்காரர்களுக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன். மூன்றாம் மாடிச் சீமாட்டி அவர் வரும்வரை என்னையும் முகர்ந்து பார்க்கட்டும்.

டாக்டர் தன் கைப்பட ஒரு சான்று எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். உன் மாமனாருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும் காகிதத்தை நம்புகிற ஆள் இல்லை. "அப்ப கண்ணால பார்க்கட்டும். நானும் அப்படித்தானே பார்த்தேன்" என்றார் டாக்டர்.

புத்தியுள்ள உனக்கு நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. பலகையைவிட்டு வெளியே கூட்டி வா.

உன் அக்கா

*

மாதா துணை

சாலேர் மலை
24 அக்டோபர் 1842

அன்பான அக்காவுக்கு, டெல்ஃபின் எழுதிக்கொண்டது. அத்தான் சுகம், நொயெலி சுகம், நான் சுகம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்படாதே.

மாடுகள் இறங்கி வந்த மறுநாள், கூடம் நிறைய ஆட்கள். பங்குச் சாமியார், ஊராட்சிக்காரர், கொழுந்தனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா. மாமனார் கணப்படுப்புப் பக்கம் தன் இடத்தில். நொயெலி ஜன்னலோரம் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமனார் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தடியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். அவள் துள்ளி எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பார்த்தீங்களா சாமி? செவிட்டுப் பிள்ளையாம்! நம்ம பாலாடைக்கட்டியத் தின்னுட்டு நமக்கே கதை சொல்றான் பாரிஸ்காரன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் அங்கிப் பைக்குள் கைவிட்டு அந்த விடுதிக் காகிதத்தைத் தேடினார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். "மாமா, ஒரு தடவை களத்துக்கு வாங்க" என்றேன். ஜெரோ, "நீ சும்மா இரு டெல்ஃபின்" என்றார். "இத்தனை வருஷம் சும்மாதானே இருந்தேன். இவளைப் பெத்தவ நான். ஒரே தடவை. அப்புறம் நீங்க சொல்றபடி" என்றேன். சாமியார்தான் முதலில் எழுந்தார். "போய்ப் பார்த்துடலாமே, அஸ்தோர்க். கால் வலிச்சா போயிடும்?" என்றார்.

நொயெலியிடம் பாலாடைக்கட்டி வடிகட்டும் துணிகளைக் கொடுத்து, தொட்டிப்பக்கம் அனுப்பினேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து அலசினாள். கீழே கல்தரை. மாமனார் வாசலில் நின்று தடியால் கல்லைத் தட்டினார். அவள் துணியைப் பிழிந்தாள். ஓங்கித் தட்டினார். உதறினாள். "நொயெலி!" என்று கத்தினார். மலையில் மாட்டைக் கூப்பிடும் குரல் அது, உனக்குத் தெரியும். நாய்கள் ஓடி வந்தன, கோழிகள் சிதறின, சாமியாரின் கோவேறு கழுதை கட்டுக்கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

மாமனார் நடந்து போய் அவள் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். அத்தான் என் பக்கத்திலிருந்து ஓரடி முன்னால் போனார். நானும் போனேன். மாமனார் ஒன்றும் செய்யவில்லை. அவள் கழுத்தையும் முதுகையும் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்போ, இத்தனை வருஷமா..." என்றார்.

அவருடைய நிழல் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும். அவள் திரும்பினாள். தடியோடு நிற்கிறவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலைக்குமேல் கொண்டுபோய்ச் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊரே பார்த்தது, அக்கா. சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனார் தடியைக் கல்லின்மேல் வைத்தார். போடவில்லை, குனிந்து வைத்தார். பிறகு கொட்டிலுக்குள் போய்விட்டார்.

பெண்ணின் அப்பாதான் பேசினார். "காது கேக்காதா? இவ்வளவுதானா விஷயம்? எங்க பெரியம்மாவுக்குக்கூடத்தான் கேக்காது. அவதான் எங்க வீட்டையே ஆட்டி வெச்சா. கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்?" என்றார். அத்தான் சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வந்து நிறுத்த முடியாமல் தொட்டித் தண்ணீரைக் குடித்தார்.

மாமனார் இரண்டு நாள் கொட்டிலிலேயே மாடுகளோடு கிடந்தார். மூன்றாம் நாள் கோவிலுக்குப் போய், காகிதத்தைச் சாமியார் கையாலேயே கணப்பில் போடச் சொல்லிவிட்டு வந்தார். "கிறிஸ்மஸ் திருநாள் முடிஞ்சதும் பிளேஸோட திரும்பப் போகட்டும். படிக்கட்டும். புல்லறுப்புக்கு வரட்டும்" என்றார். நேற்று நான் பால் கறந்துகொண்டிருக்கும்போது வந்து மாட்டின் அந்தப் பக்கம் நின்றார். முகம் தெரியவில்லை. "அவளை எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியும், அக்கா. ஆனால் என் வாயால் சொன்னால் அவருக்குக் கஷ்டம். "அக்காவைக் கேட்டு எழுதறேன் மாமா" என்றேன். "கேளு. எனக்குன்னு சொல்லி கேளு" என்றார்.

எழுதி அனுப்பு.

உன் டெல்ஃபின்

*

மாதா துணை

பாரிஸ்
2 நவம்பர் 1842

மரியாதைக்குரிய பெரியவர் அஸ்தோர்க் அவர்களுக்கு, டெல்ஃபினின் அக்கா உர்சூல் வணக்கம் சொல்லி எழுதுவது. தங்கள் உடல்நலத்தை விசாரிக்கிறேன். இதை டெல்ஃபின் தங்களுக்கு வாசிப்பாள்.

தாங்கள் கேட்டது சரியான கேள்வி. டாக்டரிடம் சொன்னேன். "அந்தப் பெரியவர் இதைக் கேட்டாரா? எத்தனையோ பேரு பிள்ளைய இங்கே விட்டுட்டுப் போறாங்க. இதை யாரும் கேட்டதில்ல" என்றார். பொய் சொல்லி உங்களைக் குளிரவைக்க எனக்குத் தெரியாது. அவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஐயா, அவளைப் பின்னாலிருந்து கூப்பிட வழியே கிடையாது. வீட்டுக்குள்ளும் தரையைத் தட்டவேண்டாம். அந்த அதிர்வு அவளுக்குக் கூப்பாடு அல்ல, வேறொன்று. அது எது என்று தங்களுக்குத் தெரியும். தாங்கள்தான் எழுந்து நடந்து போகவேண்டும். அவள் முகத்துக்கு நேரே நில்லுங்கள். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. அவளாக நிமிர்ந்து பார்க்கும்வரை நில்லுங்கள். பார்த்ததும் உள்ளங்கையை மேலே காட்டி, விரல்களை உங்கள் பக்கம் மடக்குங்கள். 'வா' என்று அர்த்தம்.

முதல் நாள் கையைத் தலைக்குமேல் கொண்டுபோவாள். அப்போது போய்விடாதீர்கள். வெறுங்கையைக் காட்டிக்கொண்டு அப்படியே நில்லுங்கள். மறுநாளும் நில்லுங்கள். எவ்வளவு நாள் என்று கேட்காதீர்கள், அதை அவள்தான் சொல்லவேண்டும். தாங்கள் பனிப்புயலில் மாட்டுக்காக ராப்பகலாக நின்றவர் என்று மலை பூரா சொல்வார்கள். இது அதைவிடச் சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தங்களால் முடியும்.

அவள் இங்கே திரும்பி வந்ததும், தாத்தா நின்றாரா என்று கேட்பேன். கையால் சொல்வாள். எனக்கு இப்போது அந்தப் பேச்சு புரியும்.

தங்கள் நலம் நாடும்,
உர்சூல்